வண்டியை முதலில் போடு

ஞாயிற்றுக்கிழமை ஜார்ஜ் டவுனுக்குப் போனால் வீடுகள் தெரியும். மற்ற ஆறு நாளும் கடை தெரியும், சரக்கு தெரியும், ஆள் தெரியும், வீடு தெரியாது. எண்பதுகளின் கடைசியில் தம்புச் செட்டித் தெருவில் ஒரு வங்கிக் கிளையில் எழுத்தராகச் சேர்ந்தேன். தினமும் பாரிமுனையில் பஸ்ஸை விட்டு இறங்கி, கைவண்டிக்கும் மீன்பாடி வண்டிக்கும் ஒதுங்கி ஒதுங்கி நடந்து, பத்து மணிக்குப் போய்க் கையெழுத்துப் போடுவேன். கிளைக்கு நேர் எதிரே வார்ப்பிரும்புக் கிராதியும் மரப்பட்டை அடித்த சன்னல்களுமாக ஒரு மாடிவீடு இருப்பது, ஏதோ வேலையாக ஒரு ஞாயிறு அந்தப் பக்கம் போனபோதுதான் கண்ணில் பட்டது. கீழே இரும்புச் சாமான் கடையின் ஷட்டர் இறங்கியிருந்தது. மேலே, சுண்ணாம்பில் நீலம் கலந்து அடித்த சுவரில் காலை வெயில் விழுந்திருந்தது. அடுத்த ஞாயிறே பலகையும் தாளும் எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

வரைவது எனக்குப் புதிதில்லை. பள்ளிக்கூட நாளிலேயே டிராயிங் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்தவன். ஓவியக் கல்லூரிக்குப் போக ஆசை இருந்தது, வீட்டில் பி.காம். என்றார்கள். எங்கள் தெருவில் மாநகராட்சிப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர் ஒருவர் இருந்தார். தேவி பிரசாத் ராய் சௌத்ரி பிரின்சிபாலாக இருந்த காலத்தில் சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். பெயிண்டிங் என்றால் அவருக்கு வாட்டர் கலர்தான், வாட்டர் கலர் என்றால் வெளியே போய் உட்கார்ந்து போடுவதுதான். 'அவுட்டோர் போனியா?' என்றுதான் என்னை விசாரிப்பார். நான் ஜார்ஜ் டவுன் என்றதும் அவருக்குச் சந்தோஷம். 1850-ல் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் அந்தப் பள்ளியைத் தொடங்கியதே பிராட்வேயில்தான், பிற்பாடுதான் பூந்தமல்லி நெடுஞ்சாலைக்குப் போனது என்பதை, ஏதோ பூர்வீகச் சொத்தைப் பற்றிச் சொல்வதைப் போலச் சொன்னார்.

அவர் சொல்லிக்கொடுத்த பாடம் சுருக்கமானது. கண்ணை இடுக்கிப் பார். வெளிச்சம் எங்கே, நிழல் எங்கே என்று மட்டும் பார். நிழலை முதலிலேயே பென்சிலால் பூட்டிவிடு, ஏனென்றால் சூரியன் உனக்காக நிற்காது. கட்டடத்தை முடி. கடைசியில் நாலு ஆளைப் போடு, ஒரு நாயைப் போடு. ஆள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

தாளுக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. ஆண்டர்சன் தெரு முழுக்கக் காகிதக் கடைகள்தான். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அட்டையிலிருந்து லெட்ஜர் தாள் வரை கட்டுக்கட்டாக அடுக்கியிருப்பார்கள். நான் வழக்கமாகப் போகும் கடையில் பெரியவர் கார்ட்ரிட்ஜ் தாளைக் கொடுத்து, 'இது தண்ணி தாங்காது, நெளியும்' என்று எச்சரித்தும் விடுவார். கையில் காசு இருக்கும் மாதத்தில் புதுச்சேரி ஆசிரமத்துக் கைத்தாள். வர்ணம் கேமல். அந்த நீலச் சுவருக்கு அல்ட்ராமரைனைத் தண்ணீராகக் கரைத்து ஒரு வாஷ் கொடுத்தால் போதும், வேறு எதையும் கலக்க வேண்டாம். அது ஏன் அவ்வளவு சரியாகப் பொருந்துகிறது என்று மாஸ்டரைக் கேட்டேன். வெள்ளைத் துணிக்குப் போடும் நீலப்பொடியும் சுண்ணாம்பில் கலக்கிற நீலமும் என் தட்டில் இருப்பதும் ஒரே சரக்குதான் என்றார். விசாரித்துப் பார்த்தேன், சலவை நீலப்பொடி அல்ட்ராமரைன்தான்.

எங்கே உட்காருவது என்பதைத் தெருவே சொல்லிவிடும். தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு, அரண்மனைக்காரத் தெரு எல்லாம் வடக்கு தெற்காக ஓடுகின்றன. காலையில் கிழக்குச் சாரி நிழலில் இருக்கும், மேற்குச் சாரி வெயிலில் பளிச்சென்று இருக்கும். நிழலில் உட்கார்ந்து வெயிலை வரையலாம். பத்து மணிக்கு மேல் சூரியன் உச்சிக்கு வந்து இரண்டு சாரியையும் தட்டையாக்கிவிடும். சன்னல் கொடுங்கையின் நிழல் சுருங்கிப் போய், சுவர் வெறும் சுவராகிவிடும். மே மாதத்தில் வாஷ் கொடுக்கிற கை மறுகோடிக்குப் போவதற்குள் இந்தக் கோடி காய்ந்துவிடும். மணிக்கட்டில் கைக்குட்டை கட்டிக்கொள்ளாவிட்டால் வியர்வை தாளில் சொட்டி, வானத்தில் வட்ட வட்டமாக நிற்கும். கார்த்திகை, மார்கழியில் அதே வாஷ் கால் மணி நேரம் ஈரமாகவே கிடக்கும். கடல் அந்தப் பக்கம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. என்னிடம் ஜார்ஜ் டவுன் படங்களில் நல்லதாக இருப்பவை எல்லாமே தை, மாசியில் போட்டவை.

இப்படி ஞாயிறு ஞாயிறாக நிறையப் போட்டேன். லிங்கிச் செட்டித் தெருவின் கம்பி கட்டிய மாடிகள், பவளக்காரத் தெருவில் தூண் வைத்த வீடுகள், கச்சாலீசுவரர் கோயில் கோபுரம், உயர் நீதிமன்றத்தின் செங்கல் கலசங்கள். மண்ணடியிலும் ஏழுகிணற்றிலும் சந்து சந்தாக அலைந்தேன். அலுப்பாக இருக்கும் நாளில் அரண்மனைக்காரத் தெரு ஆர்மீனியத் தேவாலயத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்வேன். 1772-ல் கட்டியது. முற்றம் முழுக்கக் கல்லறைப் பலகைகள். உலகத்தின் முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகையை 1794-ல் இந்தச் சென்னையிலிருந்து நடத்திய பாதிரியார் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். வெள்ளைச் சுவர், மர நிழல், தொந்தரவு செய்ய ஆளில்லை. அங்கே மோசமான படம் போடுவதுதான் கஷ்டம். அதனால்தான் எல்லோரும் அதையே போடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

மாஸ்டருக்கு என் படங்கள் பிடித்திருந்தன. டானியல் மாதிரி இருக்கிறது என்றார். தாமஸ் டானியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் 1790-களில் தமிழ்நாட்டில் சுற்றி வரைந்தவர்கள். கோட்டையை வரைந்ததோடு இந்தக் கறுப்பர் நகரத்தின் ஒரு பகுதியையும் வரைந்து அச்சிட்டார்கள். அப்போது இதற்கு அதுதான் பெயர்; ஜார்ஜ் டவுன் ஆனது 1911-ல், ஐந்தாம் ஜார்ஜுக்கு முடிசூட்டிய சமயத்தில். டானியல்கள் கேமரா அப்ஸ்க்யூரா என்ற இருட்டுப் பெட்டியை வைத்துக் கோடு பிடித்தவர்கள். அவர்கள் காலத்தில் மின்கம்பி கிடையாது, அது அவர்கள் அதிர்ஷ்டம். நான் மின்கம்பியை விட்டுவிட்டு வரைந்தேன். விளம்பரப் பலகையை விட்டேன், டிரான்ஸ்பார்மரை விட்டேன், ஷட்டர் இருந்த இடத்தில் பழைய மரக்கதவு இருப்பதாக வைத்துக்கொண்டேன். படம் அழகாகத்தான் வந்தது.

பிறகு ஒரு திங்கட்கிழமை லீவு போட்டிருந்தேன். எதற்காகவோ போட்ட லீவு, அந்த வேலை நடக்கவில்லை. கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் ஒரு மூடிக் கிடந்த கடைப்படியில் உட்கார்ந்து எதிர்வீட்டு மாடியை வரைந்துகொண்டிருந்தேன். படியின் முன்னால் ஒருவர் கைவண்டியைச் சாய்த்துவிட்டு, சரக்கு ஏறும்வரை பீடி பிடித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். பின்னால் வந்து நின்று ரொம்ப நேரம் பார்த்தார்.

'இன்னா சார், வண்டியக் காணோம்?'

கடைசியில் போடுவேன் என்றேன்.

'கடைசில எங்க போடுவ? அந்த வூடு எங்கயும் போவாது சார். நான் இன்னும் கொஞ்ச நேரத்துல பூடுவேன். வண்டிய மொதல்ல போடு.'

பதில் சொல்ல ஒன்றும் இல்லை. தாளைத் திருப்பி, வண்டியைப் போட்டேன். இரண்டு பெரிய சக்கரம், ஆரக்கால், முன்னால் நீளும் ஏர்க்கால், அதில் கட்டிய சாக்கு. அவர் பக்கத்தில் நின்று திருத்தினார். சக்கரம் பலகைக்கு நடுவில் இல்லை, கொஞ்சம் பின்னால் இருக்கிறது, அப்படி இருந்தால்தான் பாரம் ஏற்றும்போது முன்பக்கம் அழுந்தும், இழுக்கிறவன் கை நிற்கும் என்றார். நான் நடுவில்தான் போட்டிருந்தேன், அழித்து மாற்றினேன். மூட்டை ஏறத் தொடங்கியதும் போய்விட்டார். வண்டி போன பிறகு அதைச் சுற்றி வீட்டைப் போட்டேன். வண்டிச் சக்கரத்தின் உயரம் தெரிந்துவிட்டதால் கதவின் உயரம், கடைப்படி, மாடி எல்லாம் தன்னால் அளவுக்கு வந்தன. ஞாயிற்றுக்கிழமை படங்களில் ஆளில்லாத குறையால் வீடுகள் எல்லாம் இருக்க வேண்டிய அளவைவிடப் பெரிதாக, அரண்மனையாக இருந்தன என்பது அப்போதுதான் புரிந்தது.

அதன்பிறகு வார நாட்களிலேயே போகத் தொடங்கினேன். பத்து மணி வேலைக்கு ஆறரைக்கே வந்துவிடுவேன். காய்கறிச் சந்தை அப்போது கொத்தவால் சாவடியில்தான் இருந்தது. 1996-ல்தான் கோயம்பேட்டுக்குப் போனது. சந்தைக்குள் உட்கார்ந்து வரைய முடியாது. உட்கார்ந்தால் மேலே முட்டைக்கோஸ் மூட்டை விழும். ஒரு மாடிப்படியில் பாதி ஏறி நின்றுகொண்டு, பலகையைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்துப் போடுவேன். அங்கே கட்டடமே கிடையாது என்று சொல்லலாம். தலைகள், கூடைகள், கோணிப்பை, கீழே மிதிபட்டுச் சேறான கீரை. மாஸ்டரின் பாடம் எதுவும் செல்லாது. ஒரு ஆளைப் பார்த்துப் பாதி உடம்பைப் போடுவதற்குள் அவர் போய்விடுவார். மீதி உடம்பை அடுத்து வருகிறவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். சாப் கிரீன் ட்யூப் சந்தைப் படங்களுக்கே தீர்ந்தது. மாஸ்டரிடம் காட்டினேன். 'கூட்டம் நல்லா இருக்கு, ஆனா எந்த இடம்னு தெரியலையேப்பா' என்றார். இடம் தெரியாமல் போனதில் எனக்கு வருத்தமில்லை. அந்தச் சந்தை அப்படித்தான் இருந்தது.

தெருவில் வரைகிறவனைச் சுற்றிக் கூட்டம் சேரும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஜார்ஜ் டவுனில் சேருகிற கூட்டத்துக்கு முதலில் வருவது ரசனை இல்லை, பயம். பென்சிலைக் கையை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கட்டடத்தை அளந்தேன் என்றால் கடையிலிருந்து ஒருவர் எழுந்து வந்துவிடுவார். 'ரோடு அகலம் பண்றாங்களா?' 'கார்ப்பரேஷனா?' 'பாகப்பிரிவினைக் கேஸா சார்?' நூறு வருஷத்து வீட்டுக்குப் பத்துப் பங்காளிகள், கீழே இருபது வாடகைதாரர்கள் என்று இருக்கிற இடம். அளக்கிறவன் என்றால் யாரோ அனுப்பிய ஆள். படம்தான் என்று தாளைத் திருப்பிக் காட்டியதும் முகம் மாறும். சௌகார்பேட்டையில் ஒரு சேட்டு, நான் வாடகைதாரர் அனுப்பிய ஆள் இல்லை என்று உறுதியானதும் உள்ளேயிருந்து ஸ்டூல் கொண்டுவரச் சொன்னார். தாத்தா காலத்தில் ராஜஸ்தானிலிருந்து வந்த குடும்பம். அவர் பேசிய மெட்ராஸ் தமிழ் என்னுடையதைவிட நன்றாக இருந்தது.

தெருவில் தண்ணீர் கிடைப்பதும் ஒரு சங்கதி. பிரஷ் கழுவும் தண்ணீர் இரண்டு முறையாவது மாற்ற வேண்டும். மண்ணடியில் இட்லிக் கடை வைத்திருந்த ஆயா ஒருத்தி தினமும் ஒரு சொம்பு கொடுப்பாள். அழுக்குத் தண்ணீரை மட்டும் சாக்கடையில் ஊற்றச் சொல்வாள். வாசலில் ஊற்றினால் கோலத்தில் சாயம் ஏறும். அவள் என் படங்களைப் பார்த்து ஒன்றும் சொன்னதில்லை. ஒருமுறை மட்டும், 'எந்தப் படத்துலயும் அடுப்பு எரியலையே கண்ணு' என்றாள். புகையை வாட்டர் கலரில் கொண்டுவருவது பெரிய வேலை. ஈரம் காயும் முன்னால் சுத்தமான பிரஷ்ஷால் வர்ணத்தை உறிஞ்சி எடுக்க வேண்டும். அன்றைக்கு இரண்டு தாள் போயிற்று. மூன்றாவதில் புகை வந்தது.

என்.எஸ்.சி. போஸ் சாலையில் பச்சையப்பன் மண்டபம் இருக்கிறது. ஏதென்ஸில் உள்ள தீசியஸ் கோயிலை மாதிரியாக வைத்துக் கட்டி, 1850-ல் திறந்தார்கள். பெரிய தூண்கள், முக்கோண முகப்பு. அந்தச் சாலையில் தினமும் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேருக்கு அது தெரியாது. நடைபாதைக் கடைகளின் பிளாஸ்டிக் விரிப்பும் பலகைகளும் தொங்கும் பைகளும் மறைத்திருக்கும். அந்த மண்டபத்தைப் பைகளோடும் விரிப்போடும் சேர்த்து வரைந்தேன். தூணின் மேல்பாதிதான் தெரியும், கீழ்பாதிக்கு முன்னால் ஒரு பெண் பிளாஸ்டிக் குடம் விற்றுக்கொண்டிருப்பாள். பாரம்பரியக் கட்டடங்களில் அக்கறை உள்ள நண்பர் ஒருவர் அதைப் பார்த்து, 'குடத்தை எடுத்துவிட்டால் எவ்வளவு கம்பீரமாக இருக்கும்' என்றார். இருக்கும்தான். ஆனால் குடத்தின் ஆரஞ்சு நிறம் இல்லாவிட்டால் அந்தப் படத்தில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை.

வண்டிக்காரர் சொன்னதில் ஒன்று மட்டும் பலிக்கவில்லை. வீடு எங்கேயும் போகாது என்றார். போய்விட்டது. எங்கள் கிளைக்கு எதிரே இருந்த நீலச் சுவர் வீடு தொண்ணூறுகளின் நடுவிலேயே இடிபட்டது. தேக்கு உத்தரங்களைத் தனியாக, கிராதிகளைத் தனியாக விலைபேசி எடுத்துப் போனார்கள். மெட்ராஸ் டெரஸ் தளத்தை அன்றைக்குத்தான் உட்புறமாகப் பார்த்தேன். மரச்சட்டங்களின் மேல் சின்னச் செங்கல்லைச் சாய்வாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இடித்துப் போட்டிருந்தார்கள். கடப்பாரைக்கு அது சுலபத்தில் அசையவில்லை. லிங்கிச் செட்டித் தெருவில் நான் வரைந்த வீடுகளில் பாதிக்கு மேல் இன்றைக்கு இல்லை. அந்த இடங்களில் கண்ணாடி முகப்பும் அலுமினியத் தகடும் நிற்கின்றன. கோவிந்தப்ப நாயக்கன் தெரு மாடியும் போனது. கைவண்டி குறைந்திருக்கிறது, மீன்பாடி வண்டிக்கு மோட்டார் வந்துவிட்டது. ஆனால் பாரம் ஏற்றுகிறவர்கள் அதே இடத்தில் வண்டியைச் சாய்த்துவிட்டு நிற்கிறார்கள். நிலையானது கட்டடம், ஓடுவது ஆள் என்று நாங்கள் கணக்குப் போட்டிருந்தோம், மாஸ்டரும் நானும் அந்த வண்டிக்காரரும். கணக்கு தலைகீழாக நடந்தது.

இதில் ஒரு வேடிக்கை. இப்போது என்னைத் தேடி வருகிறவர்கள் கேட்பது ஞாயிற்றுக்கிழமை படங்களைத்தான். இடிந்த வீடுகளில் ஒன்றின் வாரிசு ஒருவர், வெளிநாட்டில் இருக்கிறவர், பாட்டி வீட்டின் படம் இருக்கிறதா என்று கேட்டு வந்தார். இருந்தது. அவர் பார்த்துவிட்டு, இங்கே மரக்கதவு இருந்ததா, எனக்குத் தெரிந்து ஷட்டர்தானே என்றார். பாட்டி வீட்டுக் கீழ்க்கடையில் மிட்டாய் வாங்கியது அவருக்கு நினைவிருக்கிறது. அந்தக் கடையைத்தான் நான் எடுத்துவிட்டு மரக்கதவு வைத்திருந்தேன்.

இன்றைக்கு ஞாயிறு காலையில் பாரிமுனைப் பக்கம் போனால் மடக்கு ஸ்டூலோடு பத்துப் பதினைந்து பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து வரைந்துகொண்டிருப்பதைப் பார்க்கலாம். தண்ணீரைக் கைப்பிடியிலேயே வைத்திருக்கும் பிரஷ், தீப்பெட்டி அளவு வர்ணப்பெட்டி. கை நன்றாக ஓடுகிறது, எங்கள் காலத்தைவிட நன்றாகவே. மின்கம்பியையும் விடாமல் போடுகிறார்கள். கறுப்புப் பேனாவால் சர்ரென்று இழுத்து, அதையே அழகாக்கிவிடுகிறார்கள். திங்கட்கிழமை வந்து பாருங்கள் என்று ஒரு பெண்ணிடம் சொன்னேன். 'உட்கார எடம் கிடைக்குமா அங்கிள்?' என்றாள். நியாயமான கேள்வி. நின்றுகொண்டு போட வேண்டும் என்றேன்.

ஆண்டர்சன் தெருக் காகிதக் கடைப் பெரியவர் சில வருடங்களுக்கு முன் ஆளனுப்பினார். கடையை மகன் புதுப்பிக்கப் போகிறான், அதற்கு முன்னால் ஒரு படம் வேண்டும், வரவேற்பில் மாட்ட. போனேன். மகனுக்குப் படம் எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானமான எண்ணம் இருந்தது. போனில் யாரோ போட்ட பழைய தெருப் படம் ஒன்றைக் காட்டினார். ஓடு, தூண், மாட்டுவண்டி. 'போர்டு, ஏசி, ஒயர் எல்லாம் வேண்டாம் சார். ஹெரிடேஜ் லுக்.'

பெரியவர் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். 'போர்டு இல்லாம எப்படிடா? எந்தக் கடைன்னு தெரிய வேணாமா?'

இருவரும் என் முன்னாலேயே கொஞ்ச நேரம் வாதாடினார்கள். பெரியவர் பணம் கொடுப்பதால் பெரியவர் ஜெயித்தார். வார நாளில், எதிர்க்கடை வாசலில் நின்று போட்டேன். தாள் கட்டு இறக்கும் வண்டியை முதலில் போட்டேன், பிறகு ஆட்கள், பிறகு கடை. கடைசியில் போர்டு. பச்சைத் தகரத்தில் மஞ்சள் எழுத்து, கீழே போன் நம்பர், சென்னை எண்களுக்கு முன்னால் 2 சேர்வதற்கு முந்தைய ஏழு இலக்கம். மெல்லிய பிரஷ்ஷால் அதையும் இருந்தபடியே எழுதினேன்.

பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். வண்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நம்பரில் வந்து நின்றார்.

'முன்னால 2 போடணுமே.'

போர்டில் இல்லையே என்றேன்.

'போர்டுல இல்லன்னா என்ன? படத்தைப் பாத்து யாராவது போன் பண்ணா?'

மகன் சிரித்தார். நான் பெட்டியைத் திறந்து, மஞ்சளைக் கரைத்து, முன்னால் ஒரு 2 எழுதிக் கொடுத்தேன்.